விக்மோர் வீதியில் ஒரு சிறு மண்டபம்

எமது கல்லூரியில் மேலைத்தேய சங்கீதம் பயின்ற நாம் இலண்டனை முதலில் அறிந்தது பரீட்சைச் சான்றிதழ் வாயிலாகத்தான். அங்கிருந்து வரும் பரீட்சகர் முன்னே விரல் நடுங்கப் பியானோ வாசித்தோம், சித்தியடைந்தோம், சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். எம்மிற் பலருக்குச் சங்கீதம் அத்துடன் நின்றுபோயிற்று. கற்பிக்க ஆசிரியை இருந்தார். கேட்க ஒரு சபை இருக்கவில்லை. இலண்டன் மண்டபம் ஒன்றின் வரலாற்றை இந்நூற்றாண்டு மலரில் எழுத விரும்பியது அதனாலேயே.

மூன்று நான்கு பேர் நடத்துநர் இன்றி, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக் கேட்டு வாசிப்பது சேம்பர் இசை. பெருமண்டபத்தில் அது கரைந்து போகும். பெக்ஸ்டைன் என்ற ஜேர்மன் பியானோ நிறுவனம், விக்மோர் வீதியிலிருந்த தனது காட்சியறைக்கு அருகே அதற்கேற்ற மண்டபம் ஒன்றைக் கட்டி 1901 மே 31ஆம் திகதி திறந்தது. பியானோ விற்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஏறத்தாழ 550 இருக்கைகளே கொண்ட அம்மண்டபத்தில் மெல்லிய நாதமும் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும்.

முதலாம் உலகப் போர் வந்தது. ஜேர்மன் பெயரே குற்றமாயிற்று. 1916இல் மண்டபமும் பயிற்சி அறைகளும் 137 பியானோக்களும் ஏலத்தில் 56,500 பவுணுக்கு டெபென்ஹாம்ஸ் என்ற கடைக்காரரிடம் போயின. மண்டபத்தைக் கட்டச் செலவானதோ சுமார் ஒரு இலட்சம் பவுண். போர்க்காலத்தில் கட்டடங்களுக்கு நேர்வதை எமது வாசகியருக்கு விளக்க வேண்டியதில்லை. 1917இல் விக்மோர் மண்டபம் என்ற புதுப்பெயருடன் அது மீண்டும் திறந்தது.

இளங்கலைஞர் அங்கு அரங்கேறுவது வழக்கமாயிற்று. எமது பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் போலவே மண்டப வாடகை, அறிவித்தல், பக்கவாத்தியம் என்று செலவு பெரிது. அதற்கு முந்திய பல ஆண்டுப் பயிற்சிச் செலவோ அதனிலும் பெரிது. அதை யார் ஏற்பது?

இவ்விடத்தில் ஒரு பெண்ணை நினைவுகூர வேண்டும். போர்த்துக்கலில் பிறந்த கில்ஹெர்மினா சுஜியா, செலோ பெண்களுக்கு ஒவ்வாத வாத்தியம் எனப் பலர் எண்ணிய காலத்தில் அதை வாசித்துப் புகழ்பெற்றவர். 1950இல் அவர் காலமானபோது, தமது ஸ்ராடிவாரியஸ் செலோவை விற்று அப்பணத்தை இளம் செலோ கலைஞருக்கு உதவ நிதியாக்குமாறு உயில் எழுதி வைத்திருந்தார். வாத்தியத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லாமல் விற்கச் சொன்னாரே, அதுதான் எம்மை வியக்க வைக்கிறது.

1956 முதல் அந்நிதியைப் பெற்றவர்களுள் ஒருவர் ஜக்குலின் டு பிரே. நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் சாதகம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1961 மார்ச்சில், பதினாறு வயதில், அவர் விக்மோர் மண்டபத்தில் அரங்கேறினார். தொடங்கிச் சிறிது நேரத்தில் தந்தி பழுதாயிற்று; உள்ளே சென்று மாற்றிக்கொண்டு வந்து வாசித்தார். பரீட்சை மண்டபத்தில் சுரம் தவறிக் கண்ணீர் விட்ட எமக்கு இச்செய்தி சற்று ஆறுதல்!

அவருக்கு ஓராண்டு முன்னர், 1955இல், அதே நிதியைப் பெற்றவர் எமது நாட்டவர். ஷெபீல்டில் பிறந்து இலங்கையில் வளர்ந்த ரொஹான் டி சேரமுக்கு அப்போது வயது பதினாறு. அவ்வுதவியால் பார்பிரோலியிடமும் பப்லோ கஸல்ஸிடமும் பயின்றார். பின்னர் 1977 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆர்டிற்றி நால்வர் குழுவில் செலோ வாசித்தார். 2024இல் மறைந்தார். நேரிற் கண்டிராத ஒரு பெண்ணின் செலோ கொழும்புச் சிறுவன் ஒருவனை அவ்வளவு தூரம் கொண்டு சென்றது.

எமது கல்லூரி மண்டபத்துப் பியானோ இன்னமும் இருக்கிறது, சுருதிதான் இறங்கிவிட்டது. அதைத் திருத்தவும், தவணைக்கு ஒரு மாலை மாணவியர் அங்கு வாசிக்கவும் நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டிருக்கிறோம். விடுமுறையில் ஊர் வரும் சகோதரிகள் அம்மாலைகளில் முன்வரிசையில் வந்து அமர வேண்டும்.