இரங்கற்குறியும் பரவற்கணக்கும்: கொழும்புத் தமிழரின் முகநூல் துக்கத்தை முன்வைத்து

வெள்ளவத்தையில் ஒருவர் காலமானால், மரண அறிவித்தல் வீரகேசரியில் அச்சாகும் முன்பே பெரும்பாலும் முகநூலில் வந்துவிடுகிறது. பூதவுடல் எந்த மலர்ச்சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது, கிரியை எத்தனை மணிக்கு, கனத்தை மயானத்துக்கு எப்போது எடுத்துச் செல்லப்படும் என்ற விபரங்களோடு, உற்றார் உறவினர் இதனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளும் பெறாமக்களும் அதன் கீழே இடக்கூடியவை ஏழே குறிகள்: விருப்பம், அன்பு, அரவணைப்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம்.

இவற்றை மேம்படுத்துவதென்றால் எண்ணிக்கையைக் கூட்டுவது என்றே கொள்ளப்பட்டு வந்துள்ளது. 2009இல் விருப்பக்குறி மட்டும் இருந்தது. 2016 பெப்ரவரியில் மேலும் ஐந்து வந்தன. கொவிட் பரவிய 2020இல் அரவணைப்புச் சேர்ந்தது. குறை எண்ணிக்கையில் இல்லை என்பதே என் வாதம். ஒரே அழுத்தல் இரண்டு வேலை செய்கிறது. துக்கப்பட்டவருக்கு ஆறுதல் சொல்கிறது. அப்பதிவை இன்னும் எத்தனை பேர் முன் வைக்கலாம் என்று தளத்தின் கணக்குக்கும் சொல்கிறது. அழுத்துபவர் எண்ணியிருப்பது முதலாவதை மட்டுமே.

இரண்டாவது வேலை எவ்வளவு பெரியது என்பது 2021 ஒக்டோபரில் வெளியானது. முகநூலின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த அந்நிறுவன உள்ளாவணங்களைக் கொண்டு வொஷிங்டன் போஸ்ட் எழுதியபடி, 2017 முதல் கோபம், சோகம் உள்ளிட்ட புதிய குறிகளுக்கு விருப்பக்குறியின் ஐந்து மடங்கு நிறை கொடுக்கப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகள் இலங்கைக்குக் கொடியவை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன; அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அங்கே உயிரிழந்தவர்களில் தமிழ்க் கத்தோலிக்கர் பலர். அச்செய்தியைக் கண்டு கலங்கிச் சோகக்குறி இட்டவரும் பழிவாங்கத் துடித்துக் கோபக்குறி இட்டவரும் பரவலை உந்தும் ஒரே கணக்கில் சேர்ந்தார்கள். இது எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை.

நம்மவர் துக்கம் விசாரிக்கும் முறை அடக்கத்தால் ஆனது. வாசலில் கைகூப்பி, சற்று நேரம் பேசாமல் இருந்து, எழும்பிப் போவார்கள். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. 2022இல் வட்ஸ்அப் தன் முதல் ஆறு குறிகளுள் கூப்பிய கையையும் வைத்தது. அதே நிறுவனத்தின் முகநூலில் உள்ள ஏழில் அது இல்லை. சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் கூப்பிய கையும் பரவற்கணக்கில் ஓர் எண்ணாகுமானால் பழைய குறையே புது உருவில் தொடரும்.

சிரிப்புக்குறி தனிச் சிக்கல். பிறரை ஏளனம் செய்ய அதனை இடுவது கூடாதென்று பங்களாதேஷின் மார்க்க அறிஞர் அஹ்மதுல்லா 2021இல் பத்வா வழங்கும் அளவுக்கு அந்த வழக்கம் தென்னாசியாவில் ஊறிவிட்டது. மரண அறிவித்தலின் கீழே அதற்கு இடமே தரக்கூடாது.

மரண அறிவித்தலுக்கு இடும் குறிகளைப் பரவற்கணக்கிலிருந்து விலக்கினால் அறிவித்தல் உறவினரைச் சென்றடையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பகிர்தல் என்ற தனிச்செயல் அதற்கென்றே இருக்கிறது. அதில் பரப்பும் எண்ணம் வெளிப்படை. விலக்குவதால் தளம் வெறிச்சோடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. 2020 செப்டெம்பரில் கோபக்குறியின் நிறை பூச்சியமாக்கப்பட்டபோது பொய்த்தகவலும் மனதைக் குழப்பும் பதிவுகளும் குறைந்தன; பாவனையாளரின் ஈடுபாடு குறையவில்லை என்று அந்த உள்ளாவணங்களே கூறுகின்றன. சோகக்குறிக்கோ அதே வேளையில் விருப்பக்குறியின் இரட்டிப்பு நிறை தரப்பட்டது.

இறந்தவரின் கணக்கைப் பராமரிக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதியை முகநூல் 2015இல் தந்தது. மரணத்தைத் தனி நிலையாக ஏற்கத் தளத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அறிவித்தலை இடும் குடும்பத்தாருக்கும் அதுபோன்ற உரிமை வேண்டும்: இது மரண அறிவித்தல் என்று அவர்கள் குறித்த கணத்திலிருந்து, அதன் கீழ் விழும் எந்தக் குறியும் வீட்டாரை மட்டுமே சேர வேண்டும்.