மூவேந்தர் உடன்பாடும் கடல் வாணிகமும்

புவனேசுவரத்தை அடுத்த உதயகிரிக் குன்றில், அத்திகும்பாக் குகையின் நெற்றியில், சமணப் பெருவேந்தன் காரவேலனின் கல்வெட்டு உள்ளது. அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அப்பிராகிருதச் சாசனம் அவனது ஆட்சியை ஆண்டு வாரியாக 17 வரிகளில் உரைக்கிறது. தமிழ் நாடுகளின் நெடுநாளைய கூட்டணியைத் தன் பதினோராம் ஆட்சியாண்டில் அவன் உடைத்தான் என்பது அதிலுள்ள ஒரு செய்தி. அக்கூட்டணியின் வயதை 113 ஆண்டுகள் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். 1300 எனப் பொருள் கொள்வாரும் உளர். உடைத்தவனே பொறித்த சான்று என்பதால் இதன் மதிப்பு பெரிது.

சேர, சோழ, பாண்டியர் தம்முள் ஓயாது பொருதவர் என்பதே சங்க இலக்கியம் பொதுவாகக் காட்டும் காட்சி. எனினும், தமிழ் வழங்காத வேற்றுமொழி நாட்டு மலைகளை மூவேந்தரும் காத்தனர் என்ற குறிப்பு மாமூலனாரின் அகநானூற்றுப் பாடலில் (31) உண்டு. அது பாலைப்பாட்டு, பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் வழியே அம்மலைகள். கூட்டணியின் நோக்கத்தைக் கல்வெட்டு கூறவில்லை. ஆனால் காவல் வேண்டியது பொருள்வழி என்பதைப் பாடல் உணர்த்துகிறது.

கடல் வாணிகத்தின் இயல்பும் இதற்கு இசைவானதே. மிளகு ஏற்றிய முசிறி சேரர் துறை. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை பாண்டியர் துறை. புகார் சோழர் துறை. எந்த ஒரு நாட்டிலும் எல்லாச் சரக்கும் இல்லை. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு, முசிறியிலிருந்து சென்ற எர்மபொல்லோன் என்னும் கப்பலின் சரக்கைப் பட்டியலிடுகிறது. அதில் யானைத் தந்தத்தோடு கங்கை நாட்டு நறுமணப் பொருளும் இருந்தது. வடகிழக்கில் விளைந்த பொருள் மேலைக் கடற்கரையில் கப்பலேற வேண்டுமாயின், இடைப்பட்ட அரசர் பலரின் எல்லைகள் அதற்குத் திறந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் 5 கோடி செசுடெர்சு நாணயம் இந்தியாவுக்குச் செல்வதாக உரோம அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். மேற்குத் துறைகளையும் கீழைக் கரையையும் இணைத்த கொங்கு நாட்டில் உரோமக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருப்பது அவ்வழியின் வளத்துக்குச் சான்று.

அவ்வழிகளில் சென்ற வணிகரின் பெயர்கள் சமண முனிவர் உறைந்த குகைகளிலேயே நிலைத்துள்ளன. மதுரையை அடுத்த மாங்குளத்தில் கணிநந்த முனிவர்க்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலரோடு வெள்ளறை நிகமத்தாராகிய வணிகக் குழுவினரும் கொடை அளித்தனர். சேர நாட்டுப் புகழூரில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் பெயர் கற்படுக்கையருகே பொறிக்கப்பட்டுள்ளது. இரு நாட்டிலும் வணிகர் உளியைப் பிடித்தது ஒரே அறத்துக்காக.

பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் பாண்டியனிடமிருந்து முத்தும் மணியும் பெற்றதாகக் காரவேலன் கூறுகிறான். வேந்தர் கூட்டணியை உடைக்க அவனால் இயன்றது. அதற்குப் பின்னரும் தமிழகத் துறைகளில் மரக்கலங்கள் பெருகின. அரசர் உடன்பாட்டுக்கு ஆயுள் உண்டு; அதன் நிழலில் வணிகர் வளர்த்த நம்பிக்கை அதனினும் நெடிது வாழ்ந்தது.