வெள்ளைப் புழுவும் ஒரு காற்றாடியும்

ப்ராம் ஸ்டோக்கரின் கடைசி நாவல் 'வெள்ளைப் புழுவின் பொந்து' 1911ல் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். 'டிராகுலா'வை (1897) எழுதியவர் என்ற எதிர்பார்ப்போடு இதைத் திறந்தவர்களில் பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. கரு அபாரம், வளர்த்த விதம் சிறுபிள்ளைத்தனம் என்கிற மாதிரி லவ்கிராஃப்ட் 1927ல் எழுதினார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நோய். லைசியம் நாடக அரங்கில் ஸ்டோக்கர் இருபத்தேழு வருஷம் ஊழியம் செய்த நடிகர் ஹென்றி இர்விங் 1905ல் காலமானார். அடுத்த வருஷம் ஸ்டோக்கருக்குப் பக்கவாதம், கையிலும் பணமில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அனுதாபம் விமர்சனமாகிவிடாது. அந்த நாவலில் எது இல்லாமல் போயிற்று என்பதே கேள்வி.

'டிராகுலா'வுக்கான குறிப்புகள் 1890லேயே தொடங்கிவிட்டன. ஏழு வருஷ உழைப்பு. எல்லாம் தெரிந்த கதைசொல்லி அதில் கிடையாது. டைரிகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைத் துணுக்குகள், ஒரு கப்பலின் நாட்குறிப்பு, ஒரு டாக்டர் ஃபோனோகிராஃபில் பேசிவைத்தவை. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம்தான் தெரியும். லூஸி ஏன் வெளுத்துப்போகிறாள் என்று டாக்டர் குழம்பிக்கொண்டிருக்கையில் நமக்கு விடை தெரிந்துவிடுகிறது; சொல்லத்தான் வழியில்லை. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு பிரபு கண்ணில் படுவதே அபூர்வம். பயம் காகிதங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

கடைசி நாவலில் இந்த இடைவெளி இல்லை. படர்க்கையில் சொல்லப்படுகிறது. சீமாட்டி அரபெல்லாதான் அந்த ஆதிகாலத்துப் பாம்பு என்பதைப் பாத்திரங்கள் உட்கார்ந்து பேசி முடிவுசெய்கிறார்கள். கடைசியில் டைனமைட்.

ஆனாலும் ஒரு காற்றாடி வருகிறது. வயல்களில் வந்து குவியும் பறவைகளை விரட்ட எட்கர் காஸ்வால் பருந்து வடிவில் பிரம்மாண்டமான காற்றாடி ஒன்றைப் பறக்க விடுகிறான். பறவைகள் அடங்குகின்றன. பிறகு அந்தப் பிரதேசமே ஓசையற்றுப் போகிறது. காஸ்வாலோ அந்தக் கயிற்றின் வழியே காற்றாடிக்குத் தகவல்கள் அனுப்பத் தொடங்குகிறான். பேயில்லை, ரத்தமில்லை, தன் கருவியோடு பேசத் தொடங்கிவிட்ட ஒரு மனிதன் மட்டும். 'டிராகுலா'விலும் இதற்கு இணையான படிமம் எனக்குத் தட்டுப்படவில்லை. ஸ்டோக்கருக்கு அதில் அக்கறையில்லை, பாம்புக்குத் திரும்பிவிடுகிறார். நோயாளியின் கற்பனை வற்றிவிட்டது என்பவர்கள் இந்தப் பக்கங்களை என்ன செய்வார்கள்? வற்றியது கற்பனையல்ல, பொறுமை.

சங்கடமான விஷயம் இனிமேல்தான். காஸ்வாலின் ஆப்பிரிக்க வேலைக்காரன் ஊலாங்கா வரும் இடங்களிலெல்லாம் கதைசொல்லியின் குரலே வசையாக மாறிவிடுகிறது. முதுமையின் வக்கிரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கிழக்கிலிருந்து வந்து லண்டன் பெண்களின் ரத்தத்தைக் கெடுக்கும் அந்நியன் 'டிராகுலா'விலேயே இருக்கிறான். அங்கே வெறுப்பு டைரி எழுதுகிறவர்களுடையது. வாசகன் அதைச் சந்தேகிக்க இடமிருந்தது. உருவம் கழன்றதும் அது ஆசிரியனுடையதாகவே நிற்கிறது. முதல் நாவலின் உருவ வெற்றியை மெச்சுகிறவர்கள், அது எதை மறைத்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

1925ல் ஒரு சுருக்கப் பதிப்பு வந்தது. நாற்பது அத்தியாயங்கள் இருபத்தெட்டாயின. கோளாறு நீளத்தில் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். பின்னால் வந்த மறுபதிப்புகள் பலவும் இந்தச் சுருக்கத்தையே பின்பற்றின. ஊலாங்காவைப் பற்றிய வசைகள் அதிலும் இருக்கின்றன.