ஆற்றுப்படை

ஆற்றுப்படை என்பது, வழியில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவருக்குத் தாம் பயன்பெற்ற இடத்தையும் அங்கே போகும் வழியையும் எடுத்துச் சொல்லும் தமிழ்ச் செய்யுள் வகை. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞரை அந்த வள்ளலிடமே அனுப்பிவைப்பார். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய நால்வருக்கும் உரியதாக இதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கிறது.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை: திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். வள்ளலைப் புகழ்வதே இவற்றின் நோக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். புகழுக்கு முன்னால் பல அடிகள் கேட்பவரின் காலுக்கும் வயிற்றுக்குமே செலவாகின்றன. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் சுடச்சுடப் புளிச்சோறு கிடைக்கும், ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிப் போகிறது சிறுபாணாற்றுப்படை.

இந்த அக்கறை முழுமை பெறுவது 583 அடிகள் கொண்ட மலைபடுகடாமில். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவின் நன்னன். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் ஒடுக்கமான வழிகளில் இருக்கும், அதனால் விடிந்த பிறகே நடங்கள் என்கிறது பாட்டு. தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. சிற்றூர்களில் வாசலில் நின்று தயங்க வேண்டாம், சொந்த வீடுபோல உள்ளே போகலாம் என்றும் தைரியம் சொல்கிறது. எல்லாவற்றிலும் அருமையான அறிவுரை கவர்வழிக்கானது. வழி பிரியும் இடத்தைத் துடைத்துச் சீர்செய்து, போகவேண்டிய பக்கத்தில் புல்லை முடிந்து வையுங்கள், பின்னால் வருபவர் அறிந்துகொள்ளட்டும் என்கிறது. வழி கேட்டவர் அந்தக் கணத்தில் வழி காட்டுபவராகிவிடுகிறார். இரவலனுக்கு இரவலன் போட்டிதானே? ஆனாலும் வள்ளலின் வாசலை ஒளித்து வைக்க இந்தப் பாட்டுகளில் யாரும் நினைப்பதில்லை.

நக்கீரரின் திருமுருகாற்றுப்படை (317 அடிகள்) மற்ற நான்கிலிருந்தும் வேறுபட்டது. அவை வழி கேட்பவரால் பெயர் பெற்றவை. இது வழி சென்று சேரும் முருகனால் பெயர் பெற்றது. இதில் பரிசில் பொன்னும் யானையும் அல்ல, வீடுபேறு. இதன் ஐந்தாம் பகுதியான குன்றுதோறாடல் மலைகளுக்கெல்லாம் பொதுவாக நிற்கிறது. அதற்குரிய தலமாகத் திருத்தணியைக் கொள்வது பின்னர் வந்த மரபு. அந்த மலைக்கென்றே தனி ஆற்றுப்படையும் உண்டு. திருத்தணியில் பிறந்து தணிகைப் புராணம் பாடிய 18ஆம் நூற்றாண்டுக் கச்சியப்ப முனிவர், திருத்தணிகை ஆற்றுப்படையும் இயற்றினார். சொந்த ஊருக்குப் பிறரை அனுப்பிவைக்கப் புலவர் ஒருவர் இந்தப் பழைய வடிவத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தம்.

செய்யுளாக இன்று ஆற்றுப்படை அருகிவிட்டது, பழக்கமாக இருக்கிறது. திருத்தணி மலைக்கு 365 படிகள். வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த ஊருக்கு, ஆடிக் கிருத்திகையில் எல்லைக்கு இருபுறமிருந்தும் காவடிகள் வருகின்றன. சரவணப் பொய்கையில் எந்தப் பக்கம் இறங்கினால் நெரிசல் குறைவு, படிக்கல் சுடுவதற்குள் எப்போது ஏறிவிடவேண்டும், திரும்பும்போது எந்த வரிசையில் நின்றால் அரக்கோணம் பேருந்து கிடைக்கும் என்பதையெல்லாம் ஏறுகிறவர்கள் கேட்பது இறங்கி வருகிறவர்களிடம்தான். கேள்வி தமிழிலும் பதில் தெலுங்கிலும் இருந்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.