சரபோஜியின் கையொப்பம்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி: 1798-1832) தாம் சேர்த்த ஐரோப்பிய நூல்களில் ஆங்கிலத்தில் ஒப்பமிடும் வழக்கமுடையவர். நூல் எவருடையது என்பதற்கு அவ்வொப்பமே சான்று.

சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. அதன் படியொன்று, சரபோஜியின் ஒப்பத்துடன், சரசுவதி மகாலில் காட்சிக்கு இருந்தது. 2005 அக்டோபரில் அது காணாமற் போயிற்று. 2022 சூலையில், இலண்டன் தொகுப்பொன்றின் இணையதளத்தில் அதனைக் கண்டதாகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் அறிவித்தனர். இடையில் கழிந்தவை ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள்!

இதிலிருந்து நாம் கற்பதென்ன? ஒப்பம் பொருளோடு பயணிக்கிறது. பொருள் போனால் அதுவும் போய்விடும். ஆகவே இருபக்க நிழற்படம், அளவு, கறை, கிழிசல், கைமாறிய வரலாறு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி வேறிடத்தில் காத்தல் வேண்டும்.

சட்டமிடுவதிலும் இதே கவனம் தேவை. பசையால் ஒட்டினால் தாளின் பின்புறக் குறிப்புகள் அழியும். அமிலமற்ற அட்டையில், கண்ணாடி தாளைத் தொடாதவாறு பொருத்துவதே முறை. ஒளி மையை வெளுக்கச் செய்யும். எனவே சுவரில் நகலையும் பெட்டிக்குள் மூலத்தையும் வைப்பது நன்று.

வீரமாமுனிவரோடு தொடர்புடைய ஆவூர் போன்ற சிற்றூர்களின் பழந்தாள்களுக்கும் இது பொருந்தும். களவுக்குப்பின் தேடுவதினும், இன்றே ஒரு பதிவேட்டைத் திறப்பது எளிதன்றோ!