கோழிக்குள் இரண்டு எலுமிச்சை

ஒரு கோழி, இரண்டு எலுமிச்சை, உப்பு, மிளகு. இவ்வளவுதான் சாமான். எண்ணெய் இல்லை, வெண்ணெய் இல்லை. எலுமிச்சையை மேடைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, பல்குச்சியால் ஒவ்வொன்றிலும் இருபது துளையாவது போட வேண்டும். இரண்டையும் முழுசாகக் கோழியின் வயிற்றுக்குள் தள்ளி, திறப்பைக் குச்சியால் தைத்து, ஓவனில் வைத்துவிடலாம். முதல் அரைமணி நேரம் நெஞ்சுப்பக்கம் கீழே இருக்கட்டும். பிறகு புரட்டிப் போட வேண்டும். வெந்ததும் திறந்து பார்த்தால் பழம் சுருங்கிக் கிடக்கும். அதன் சாறெல்லாம் கறியோடு கலந்து தட்டில் ஓடும். மார்செல்லா ஹசான் எழுதிப் புகழ்பெற்ற செய்முறை இது. 1924இல் இத்தாலியில் செசனாட்டிக்கோ என்ற கடலோர ஊரில் பிறந்து, கணவரோடு அமெரிக்கா போய், தன் நாட்டு வீட்டுச் சமையலை ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள்.

கோழி கிடக்கட்டும். அதற்குள் போன பழம் இத்தாலிக்கு எப்படி வந்தது என்பது அதைவிட ருசியான கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இத்தாலியர் லிமோனே என்பதும் நாம் எலுமிச்சை என்பதும் ஒரே பழம் அல்ல. நம்முடையது உருண்டை, சிறிசு, தோல் மெல்லிசு. அவர்களுடையது நீள்வாட்டம், நுனியில் கூம்பிய மூக்கு, தடித்த தோல். இரண்டுக்கும் தகப்பன் ஒன்றுதான்: சிட்ரான். தாய்தான் வேறு. லிமோனேயின் தாய் புளிப்பு ஆரஞ்சு. நம்முடையதன் தாய் மைக்ராந்தா என்ற காட்டு இனம். இரு தாரத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் குடும்பத்துக்கும் பூர்வீகம் அசாம், வட மியான்மர், மேற்கு யுன்னான் சேரும் இமய அடிவாரம் என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

மேற்கே முதலில் கிளம்பியது தகப்பன். ஜெருசலேம் அருகே ரமத் ரஹேலில், பாரசீகர் காலத்து அரண்மனைத் தோட்டத்தின் சுண்ணாம்புப் பூச்சில் சிட்ரான் மகரந்தம் ஒட்டிக்கொண்டு இன்றுவரை இருந்திருக்கிறது. பிள்ளையான லிமோனே ரோம் நகருக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ கிறிஸ்து பிறந்த காலத்தில். அங்கே அது பணக்காரர் வீட்டுத் தோட்டத்தின் பெருமை. ஏழை வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில்லை.

அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு மக்கள்தான் என்று சொன்னால் தப்பில்லை. லிமோனே என்ற பெயரே அரபியின் லைமூன் வழியாக வந்தது. கெய்ரோவில் 12ஆம் நூற்றாண்டிலேயே, சுல்தான் சலாதீனின் மருத்துவர் இப்னு ஜுமய் எலுமிச்சைக்கென்று தனி நூல் எழுதிவிட்டார். சிசிலித் தீவை 827இல் தாக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்த அரபு மக்கள், பழத்தோடு தண்ணீர் பாய்ச்சும் வித்தையையும் விட்டுப்போனார்கள். சிசிலி விவசாயி இன்றும் தோட்டத்துத் தொட்டியை ஜெப்பியா என்கிறான், வாய்க்காலைச் சாயா என்கிறான். இரண்டும் அரபுச் சொற்கள். மழை இல்லாத கோடையில் எலுமிச்சை பிழைப்பது அந்தத் தொட்டியை நம்பித்தான்.

பிறகு நீண்ட காலம் உலகத்துக்கு வேண்டியிருந்தது சாறு மட்டுமே. பாரிஸில் 1676இல் எலுமிச்சைப் பானம் விற்பவர்களுக்கென்று தனிச் சங்கமே அமைந்தது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், பல் ஈறு அழுகிச் சாகும் ஸ்கர்வி நோய்க்காரர்களுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றிக் காட்டினார். அதை ஏற்க பிரிட்டிஷ் கடற்படைக்கு 1795 வரை ஆயிற்று. அதன்பின் சிசிலிச் சாறு பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. அப்புறம்தான் வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் பாதியில், சொந்தக் காலனியான மேற்கிந்தியத் தீவுகளிலேயே கிடைக்கிறதே என்று கடற்படை லைமுக்கு மாறியது. அந்த லைம் வேறு யாரும் அல்ல, நம்மூர் எலுமிச்சைதான்! வைட்டமின் சி அதில் குறைவு. பக்குவப்படுத்தியதில் இருந்ததும் போயிற்று. 1875இல் வட துருவம் நோக்கிப் போன நேர்ஸ் குழுவை ஸ்கர்வி மறுபடி பிடித்தது. நம் பழத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் நடந்தது அதுதான்.

சாறு இருக்கும் இடத்தில் பணம், பணம் இருக்கும் இடத்தில் அடியாள். சிசிலியின் பலெர்மோவைச் சுற்றிய தோட்டங்களில் ஒரே ராத்திரியில் ஒரு மரத்தை மொட்டையடித்துவிடலாம் என்பதால் காவல் தேவைப்பட்டது. காவலுக்கு வந்தவன் மிரட்டிப் பணம் வாங்கப் பழகினான். மாஃபியா வேர்விட்ட நிலங்களில் எலுமிச்சைத் தோட்டம் முக்கியமானது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அடி வேறு இடத்திலிருந்து விழுந்தது. 1784இல் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ரிக் அமிலத்துக்கு உலகமே இத்தாலியை நம்பியிருந்தது. 1919இல் ஃபைசர் நிறுவனம் ஒரு கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து அதே அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று ஜாம் பாட்டிலில் இருக்கும் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையைக் கண்ணால் பார்த்ததில்லை.

சாற்றின் மவுசு போனபின் மிச்சம் நின்றது தோல். என் கண்ணுக்கு, பழத்தின் உண்மையான வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டிக்காத்தது வீட்டுச் சமையல்.

அமால்ஃபி கடற்கரையைப் பாருங்கள். செங்குத்தான மலையில் கல் அடுக்கிக் கட்டிய படிவரிசைத் தோட்டம், செஸ்ட்நட் மரக்கழிப் பந்தல். ஸ்ஃபுசாத்தோ என்ற நீண்ட பழம் அங்கே விளைகிறது. 2001இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு காலத்தில் ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் கூடைகளைத் தோளில் சுமந்து படி படியாகக் கடற்கரைக்கு இறக்கியவர்கள் பெண்கள். ஃபோர்மிக்கெல்லே, அதாவது குட்டி எறும்புகள் என்று ஊரார் அவர்களை அழைத்தார்கள். கொஞ்சுவதுபோல் இருக்கும் அந்தப் பெயரில் எனக்கு உறுத்தல்தான்.

அங்கே தோலைச் சாராயத்தில் ஊறவைத்து லிமோன்செல்லோ செய்கிறார்கள். பக்கத்தில் ப்ரோசிதா தீவில் இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளைச் சதை விரலளவு தடித்த பழத்தைச் சாலட்டாகவே தின்கிறார்கள். மேலே உள்ள மஞ்சளைச் சீவி எறிந்து, வெள்ளையோடு துண்டு போட்டு, தண்ணீரில் அலசிப் பிழிந்து, புதினா, பூண்டு, மிளகாய், உப்பு, ஆலிவ் எண்ணெய். நாம் மாதக்கணக்கில் ஊறப்போட்டுக் கசப்பைப் போக்கும் ஊறுகாயை அவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மிலானில் ஆஸ்ஸோபூக்கோ என்ற எலும்புக்கறி இறக்கும்போது, துருவிய தோல், பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக நறுக்கி மேலே தூவுவார்கள். நாம் கொத்தமல்லி தூவுகிற அதே கைதான்.

பிரான்சில் இப்பழத்தின் ஊர் இத்தாலி எல்லையிலுள்ள மாந்தோன். 1934 முதல் அங்கே எலுமிச்சைத் திருவிழா நடக்கிறது. பழத்தால் யானையும் அரண்மனையும் கட்டுவார்கள். கட்டும் பழம் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து லாரியில் வருவது. உள்ளூர்ப் பழம் அலங்காரத்துக்கு வீணடிக்க முடியாத அளவு அருமை.

பிரெஞ்சு வீடுகளில் மாவில் புரட்டிப் பொரித்த மீன்மேல் எலுமிச்சை பிழிந்து, சிவக்கக் காய்ந்த வெண்ணெயைத் தாளிப்புபோல் கொட்டுவார்கள். சுர்ரென்று நுரை எழும்பும். ஆனால் குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தயிர் கேக். தராசு வேண்டாம், 125 கிராம் தயிர்க் கிண்ணமே அளவு. ஒரு கிண்ணம் தயிர், இரண்டு கிண்ணம் சர்க்கரை, மூன்று கிண்ணம் மைதா, அரைக் கிண்ணம் எண்ணெய், மூன்று முட்டை, பேக்கிங் பவுடர், ஒரு எலுமிச்சையின் துருவிய தோல்.

செய்து பார்ப்பதானால் ஒரு வார்த்தை. சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று இருக்கும் பெரிய பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம். வெந்நீரில் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். துருவும்போது ஒரே இடத்தில் அழுத்தாமல் பழத்தைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். வாசனை முழுக்க மேல் மஞ்சளில்தான் இருக்கிறது. வெள்ளை தெரிந்ததும் கையை நிறுத்திவிடுங்கள்.