கப்பலின் நிழலில் மறைந்த ஆலை

செப்டம்பர் 5ஆம் நாள் நம் கல்லூரிகளில் இரு விழாக்கள் ஒரே மேடையில் நடந்து முடிந்துவிடும். ஒன்று ஆசிரியர் நாள். மற்றொன்று, 1872இல் அதே நாளில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரின் பிறந்தநாள். சென்ற ஆண்டு அவ்விழா முடிந்த மாலையில், சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் இளம் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் ஊதிய உயர்வு கேட்பதற்காகக் கல்லூரிச் செயலரின் அறைக்குத் தனியே சென்றார். முனைவர் பட்டம் பெற்றவர். அரசு உதவிபெறும் பிரிவில் இருக்கும் நாம் நடத்துகின்ற அதே பாடங்களை நடத்துபவர். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "உங்கள் இடத்திற்கு முப்பது விண்ணப்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார் ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று காலை வ.உ.சி.யைப் பற்றி அரைமணி நேரம் மேடையில் முழங்கிய நமக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு நம்மை உறுத்திய கேள்வி இதுதான்: வ.உ.சி.யைப் பற்றி நாம் எதைப் பேசினோம்? கப்பலைப் பேசினோம். 1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தையும், 1907இல் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்ற காலியா, லாவோ என்னும் கப்பல்களையும் பேசினோம். செக்கைப் பேசினோம். ம.பொ.சி.யின் நூலும் 1961இல் வெளிவந்த திரைப்படமும் 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் பெயரை நம் நாவில் நிலைநிறுத்திவிட்டன. அப்பெயர் தகுதியானதே. ஆயினும் கப்பல் நிறுவனம் வெள்ளையரின் போட்டியாலும் அடக்குமுறையாலும் நலிந்து, சில ஆண்டுகளில் மறைந்துபோனது. வ.உ.சி. தொட்டு, கண்முன்னே முழுவெற்றி கண்ட ஒரு செயல் உண்டு. அது கடலில் நிகழ்ந்ததன்று, பஞ்சாலையில் நிகழ்ந்தது. 1908ஆம் ஆண்டின் கோரல் ஆலை வேலைநிறுத்தமே அது.

தூத்துக்குடிக் கோரல் ஆலை, ஹார்வி சகோதரர் பெயரால் வழங்கிய ஆங்கிலேய நிறுவனத்தின் மேலாண்மையில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். விடியலில் உள்ளே சென்றவர் பொழுது சாய்ந்தே வெளியே வருவர். வார விடுமுறை என்று ஒன்றில்லை. கூலியோ குறைவு. தொழிற்சங்கம் என்னும் சொல்லே அந்நாளில் இங்கு வழக்கில் இல்லை. சங்கம் அமைப்போர்க்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. கூலி போதாது என்று ஒருவன் சொன்னால், அவனுடைய இடத்தை நிரப்ப வாயிலில் வேறொருவன் நிற்பான். செயலர் சொன்ன முப்பது விண்ணப்பங்களின் முன்னோர் அவர்கள்.

இவ்விடத்தில் இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரக்கூடும். தகுதிக்கேற்ற ஊதியம் கேட்பது தமிழில் இழிவாகக் கருதப்பட்டதன்று. 'பரிசில் கடாநிலை' என்று அதற்கு ஒரு துறையே வகுத்தவர் நம் முன்னோர். வெளிமானின் தம்பி சிறிதளவே கொடுத்தபோது பெருஞ்சித்திரனார் அதனைக் கொள்ளாது போய்க் குமணனைப் பாடி, அவன் தந்த யானையைக் கொணர்ந்து வெளிமான் ஊர்க் கடிமரத்தில் கட்டிவிட்டுச் சென்றதைப் புறநானூறு காட்டும். அப்புலவரின் துணிவை நாம் வகுப்பில் வியந்து பேசுகிறோம். ஆனால் அத்துணிவுக்குப் பின்னால் ஒரு குமணன் இருந்தான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. போவதற்கு வேறோர் இடம் உள்ளவனே தனியனாக நின்று பேரம் பேச முடியும். ஆலைத் தொழிலாளிக்குக் குமணன் இல்லை. அவனுக்கு உள்ள ஒரே வலிமை, அருகில் நிற்கும் மற்றொரு தொழிலாளியே.

வ.உ.சி. இதனை உணர்ந்திருந்தார். அவர் வழக்கறிஞர்; நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வாதாடிப் பழகியவர். 1908 பிப்ரவரி 23ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளரின் நிலை குறித்துப் பேசினார். நான்கு நாள் கழித்து, 27ஆம் நாள், தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கோரிக்கைகள் தெளிவானவை: கூலி உயர்வு வேண்டும், வேலைநேரம் குறைய வேண்டும், வார விடுமுறையும் பிற விடுப்பு வசதிகளும் வேண்டும். சுயராச்சிய முழக்கம் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலத்திலும், ஆலை நிர்வாகத்தின் முன் வைக்கப்பட்டவை நிர்வாகத்தால் கொடுக்கக்கூடிய பொருள்களே என்பது கருதத்தக்கது.

வேலைநிறுத்தம் தொடங்குவது எளிது. மூன்றாம் நாள் அடுப்பு எரிவதே அரிது. அங்கேதான் ஊர் துணைக்கு வந்தது. தொழிலாளருக்காக நிதி திரட்டப்பட்டது. வேலையின்றி இருந்தோர்க்குப் பிற இடங்களில் வேலை தேடித்தரும் முயற்சியும் நடந்தது. நிர்வாகத்துக்குப் பரிந்து பேசியோர்க்கு முடிதிருத்துவோரும் சலவைத் தொழிலாளரும் பணிசெய்ய மறுத்தனர். அரசோ கூட்டங்களுக்குத் தடைவிதித்தது. ஆனாலும் தொழிலாளர் ஆலைக்குத் திரும்பவில்லை. தனியொருவனுக்கு இல்லாத குமணனை ஓர் ஊர் கூடி உண்டாக்கித் தந்தது எனலாம்.

மார்ச் 6ஆம் நாள் ஆலையின் தலைமை எழுத்தர் வ.உ.சி.யிடம் வந்தார். நிர்வாகம் கோரிக்கைகளை ஏற்க அணியமாக உள்ளது என்பது அவர் கொணர்ந்த செய்தி. இதன்பின் நிகழ்ந்ததை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வ.உ.சி. நினைத்திருந்தால் தாம் ஒருவராகவே சென்று பேசி முடித்திருக்கலாம். ஆங்கிலம் அறிந்தவர், சட்டம் அறிந்தவர், ஊரறிந்த தலைவர். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஐம்பது தொழிலாளர்களை உடன் அழைத்துக்கொண்டு நிர்வாகிகளைக் காணச் சென்றார். அதுவரை மேலாளரை நிமிர்ந்து நோக்கி அறியாதவர்கள், தம் கூலியைத் தாமே பேசி முடிவுசெய்யும் அவையில் நின்றனர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஒன்பது நாள் வேலைநிறுத்தம் முடிவுற்றது. இதனைக் கண்டு பிற ஐரோப்பிய நிறுவனங்களில் பணிபுரிந்தோரும் கூலி உயர்வும் நல்ல நடத்தையும் பெற்றனர்.

ஆனால் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் விழா மார்ச் 9ஆம் நாள் நடைபெற்றது. 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைதுசெய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் காலணாவும் கேட்கவில்லை. புதிதாகப் பெற்ற கூலியைத் தாமே இழந்து, அதனைக் கேட்கக் கற்றுத்தந்தவருக்காக வெளியே நின்றனர். திலகருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்துப் பம்பாய்த் தொழிலாளர் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் அவ்வாண்டு ஜூலையில்தான் நிகழ்ந்தது. தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது.

அதே ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு இருபதாண்டுத் தண்டனைகளை விதித்தார். பின்னர் உயர்நீதிமன்றத்தில் தண்டனை குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னையில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. அதில் பெரும்பங்கு ஏற்றார். அச்சங்கத் தலைவர்கள்மீது பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றபோதுதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்திற்குப் பதினெட்டு ஆண்டு முன்னரே, சட்டத்தின் துணை ஏதுமின்றிக் கோரல் ஆலையினர் கூட்டுப் பேரத்தை நடத்திக் காட்டினர்.

வ.உ.சி. தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாகவே எழுதிவைத்தார். தொல்காப்பியப் பதிப்பிலும் திருக்குறள் உரையிலும் உழைத்த புலமையாளர் அவர். தமிழாசிரியர்களாகிய நாம் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட இது போதும். ஆனால் அவ்வுரிமைக்கு ஒரு விலையும் உண்டு.

அந்த இளம் விரிவுரையாளர் செயலரின் அறைக்குத் தனியே செல்வதை நாம் ஆசிரியர் அறையின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து உடன் சென்றிருந்தால் நம் ஊதியத்தில் ஒரு காசும் குறைந்திராது. செயலரின் மனத்தாங்கலுக்கு ஆளாகியிருப்போம், அவ்வளவே. நாம் எழவில்லை. இவ்வாண்டு செப்டம்பர் 5 மீண்டும் வரும். மேடையில் பேச அழைப்பும் வரும். பேசுமுன் அவரிடம் ஒன்று கேட்க எண்ணியிருக்கிறோம்: "மறுபடியும் எப்போது போகிறீர்கள்? நாங்களும் வருகிறோம்."